இருபத்து மூன்றாவது பச்சை

அப்பா வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். எதையும் அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது. அவர் கெட்டதே அதனால்தான்.

பெரியப்பா ராணுவத்தில் பல வருஷம் ஒரே லாரியை ஓட்டியவர். அது ஏலத்துக்கு வந்தபோது தேடிப்போய் வாங்கினார். பிறகு கால் முறிந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அண்ணன் திரும்பி வந்தால் வாடகைக்கு ஓட்டலாமே என்று அப்பா அந்த லாரிக்கு மஞ்சள் அடித்துவிட்டார். வேறு யாராவது என்றால் பழைய பச்சைக்கு மேலேயே மஞ்சளைப் பூசியிருப்பார்கள். அப்பாவோ கதவு, தொட்டி, மட்கார்டின் உள்பக்கம் என்று ஒன்று விடாமல், வெறும் இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் அடித்தார்.

ஊன்றுகோலோடு வந்து இறங்கிய பெரியப்பா லாரியை ஒருமுறை சுற்றி வந்தார். "என் வண்டி எங்கடா?" என்றார். தம்பியிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். ஆறு வருஷம் ஆகிறது. இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

போன வருஷம் பெரியம்மா வந்து சொன்னார், வண்டியைப் பழையபடி ஆக்கினால் பேசுவாராம் என்று. அப்பா அன்றைக்கே மஞ்சளைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். தேய்த்து முடித்த பிறகுதான் உறைத்தது, ஒப்பிட்டுப் பார்க்க வண்டியில் நகக்கண் அளவு பச்சைகூட மிச்சமில்லை. கடையில் ராணுவப் பச்சை என்று கேட்டதற்கு ஆறு டப்பாக்களை எடுத்து வைத்து, எந்தப் பச்சை என்று திருப்பிக் கேட்டார்கள்.

அதனால் தானே கலக்கத் தொடங்கினார். பச்சையில் கறுப்பு, காவி, சொட்டு மஞ்சள். உள்ளங்கை அகலத் தகட்டில் அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுவார். ஈரத்தில் இருக்கும் நிறம் காய்ந்தால் இருக்காது. பின்பக்கம் எண் எழுதி அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போவார். பெரியப்பா தகட்டைப் பார்த்துவிட்டு, பெரியம்மா பக்கம் திரும்பி, "இது இல்ல" என்பார். கறுப்பு கூடிப்போச்சா, மஞ்சள் குறைச்சலா, ஒன்றும் சொல்லமாட்டார்.

அப்பாவோடு பட்டறையில் இருக்கும் வெல்டர் இதை வைத்தே பொழுதை ஓட்டினார். "உங்க அண்ணன் கலர் பாக்கறாரா, பொண்ணு பாக்கறாராண்ணே? இருபத்திரண்டத் தட்டிக் கழிச்சுட்டாரே."

போன மாதம் ஸ்பீடு மீட்டரைக் கழற்றியபோது, அதன் பின்னால், உப்புத்தாள் எட்டாத ஒரு மூலையில், இரண்டு விரல் அகலத்துக்குப் பழைய பச்சை இருந்தது. அப்பா ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான்கு நாள் கலக்கினார். ஐந்தாம் நாள் அந்த மூலையை ஒட்டியே புதுப் பெயின்டை அடித்து, காய்ந்ததும் என்னைக் கூப்பிட்டு எது எங்கே முடிகிறது என்று கேட்டார். விரலால் தடவிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

டேஷ்போர்டு தகட்டையே கழற்றி எடுத்துக்கொண்டு போனோம். பெரியப்பா மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"இது நான் கலக்கினது. இந்த ஓரம் மட்டும் வண்டியோட சொந்தக் கலருண்ணா. நீங்க ஓட்டினப்ப இருந்தது" என்றார் அப்பா.

பெரியப்பா அந்த ஓரத்தில் கட்டைவிரலை வைத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பெரியம்மாவிடம் சொன்னார்: "ரெண்டும் இல்ல."

வெளியே வந்ததும், வெயிலில் வெளுத்த நிறம்தான் அண்ணன் கண்ணில் நிற்கிறது, இனி வெள்ளை சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று அப்பா தனக்குத்தானே பேசிக்கொண்டார். பெரியம்மா வாசல்வரை கூடவே வந்தார்.

"நீங்க செவப்படிச்சுக் கொண்டுவந்தாலும் இதையேதான் சொல்லுவாரு. விட்டுடுங்க."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுமா?"

அப்பா தகட்டைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். "இல்லேன்னு சொல்றப்பவாவது அவர் குரலக் கேக்கறேன்ல."

மறுநாள் காலை கடை திறக்குமுன்பே போய், வெள்ளை டப்பாவோடு வந்தார். வெல்டர் பார்த்தார், டப்பா மூடியை நெம்ப ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார்.