அக்கரையில் ஒரு கூடாரம்

விடுமுறைக்குப் பேச்சிப்பாறை அணையின் அக்கரையில் கூடாரம் அடிக்கலாம் என்று வீட்டில் வீரமாக வாக்குக் கொடுத்துவிட்டு, இடம் பார்க்கப் படகேறினேன். படகுக்காரர் ஒல்லியானவர், காதோரம் ரோமம் அடர்ந்தவர். எதைச் சொன்னாலும் காட்டுப் பக்கம் காதைச் சாய்ப்பார், அங்கிருந்து யாராவது மறுத்துவிடுவார்களோ என்பதுபோல.

அக்கரை நெருங்கியதும், “ஆனை வருமா?” என்றேன்.

“இந்தப் பக்கம் வராது சாரே. பிள்ளையளக் கூட்டிட்டு தைரியமாட்டு வாங்க.”

காதைச் சாய்த்தார். கரையில் ஒரு மூங்கில் முறிந்தது. இன்னொன்றும் முறிந்தது. இடையில் கறுப்பாக ஏதோ அசைந்தது.

“சாரே, பையில சக்கப்பழமா வச்சிருக்கிய?”

குலசேகரத்தில் வாங்கிய பலாப்பழம்தான். அந்த மணத்துக்கு ஆனை இறங்கிவரும் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

“தண்ணியில போடட்டா?”

“மிதக்கும். வாய மூடிட்டு இரிங்க.”

மோட்டாரைத் தொடாமல் படகைத் திருப்பித் துடுப்பு வலித்தார். குரலில் நடுக்கமில்லை, துடுப்புதான் படகின் விளிம்பில் கடகடவென்று அடித்தது. அதைக் கேட்ட பிறகே எனக்கு உண்மையான பயம் வந்தது.

இக்கரையில் இறங்கியதும், “அப்போ டென்ட் என்னைக்கு சாரே போடுதிய?” என்று கேட்டுவிட்டுக் காதைச் சாய்த்தார், இம்முறை என் பக்கம்.

மூங்கிலை முறித்துக் காடு சொன்ன பதில் அவருக்குக் கேட்டதா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.