ஐகோர்ட்டுக்குப் போன வத்தக்குழம்பு

எனக்குத் தெரிந்த சமையல் வெந்நீர் ஒன்றுதான். அதையும் ஒருமுறை அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன். சிதம்பரத்தில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவர் வீட்டுப் பெண். புருஷன் கீரப்பாளையத்துக்காரன்.

"மாமா, கிண்ணத்தக் குடுங்க" என்று படியில் நின்று கூப்பிடுவாள். கிண்ணம் மீன்குழம்போடு திரும்பி வரும். சில நாள் அவள் கன்னம் வீங்கியிருக்கும். கேட்டால், "கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்பாள். எங்கள் வீட்டுக் கதவுகள் அப்படி அடிக்கிற ரகமில்லை. ஒருநாள் இறங்கிப்போய் அவனிடமே கேட்டேன். "சோறு வாங்கித் தின்றல்ல, அதோட நில்லு" என்றான்.

ஒரு வாரம் தொடர்ந்து வத்தக்குழம்பே வந்தது. என் நாக்கு ஆட்சேபம் தெரிவித்தது.

"ஊர்ல காப்புக் கட்டிட்டாங்க மாமா. தீமிதி முடியற வரைக்கும் எங்க வூட்ல மீனத் தொடமாட்டோம்."

"நீதான் சிதம்பரத்துல இருக்கியே?"

"நான் எங்க இருக்கேன்னு சாமிக்குத் தெரியாதா?"

அந்த வாரம்தான், தீமிதிக்கு முன்பே, அவள் செத்துப்போனாள். கழுத்தில் வெட்டு. மீன் நறுக்கும்போது தடுக்கி அரிவாள்மணைமேல் விழுந்துவிட்டாள் என்றான் புருஷன். மீன் எங்கே என்றால், பூனை தின்றுவிட்டதாம். மீனவர் வீட்டுப் பெண் மீனைத் தவிர வேறெதை நறுக்குவாள் என்று நினைத்துவிட்டான் போல. இத்தனை நாள் குடித்தனம் பண்ணியவன், தன் தட்டில் என்ன விழுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். முழுக்கைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போயிருந்தேன், யாரும் கவனிக்கவில்லை. அவன் தரப்பு வக்கீல் கேட்டார்:

"அவுங்க வீட்டு மீன்குழம்ப வாங்கி வாங்கிச் சாப்பிட்டவர்தான நீங்க? அன்னிக்கும் மீன் வாடை வந்துச்சுல்ல?"

"எங்க சார் வந்துச்சு? காப்புக் கட்டுனதுலேர்ந்து எனக்கு வெறும் வத்தக்குழம்புதான்!"

கோர்ட்டே சிரித்தது. வெளியே வந்ததும் அரசு வக்கீல், "கொலை கேஸுய்யா இது, ஓட்டல் இல்ல" என்று எரிந்துவிழுந்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. அவன் சென்னை ஐகோர்ட்டுக்கு அப்பீல் போனான்.

அப்பீலில் சாட்சியை மறுபடி கூப்பிடமாட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நாம் முன்பு சொன்னதை வைத்துக்கொண்டு அவர்களே வாதாடுவார்கள். இதற்குமுன் நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றி இவ்வளவு பேர் பேசியது, எனக்குப் பெண் பார்த்த காலத்தில்தான்.

இறந்தவளின் தம்பி முதுநகரில் மீன் ஏலம் விடுபவன். அவனுக்கு ஒரே பயம்.

"நேர்ல பாத்தவங்க யாருமில்லன்னு வுட்டுடுவாங்களா மாமா? எங்கக்கா தானா வுழுந்து செத்தான்னு எழுதிப்புடுவாங்களா?"

"அப்டில்லாம் எழுத மாட்டாங்க தம்பி" என்பேன். என் வாயால் வழக்கு கவிழுமோ என்ற பயம் எனக்குள் ஓடும்.

தீர்ப்பு வந்த அன்று ஏலச் சத்தத்துக்கு நடுவிலிருந்து போன் செய்தான்.

"தள்ளிட்டாங்க மாமா! அப்பீலத் தள்ளிட்டாங்க!"

காப்புக் கட்டியதை அவனும் கோர்ட்டில் சொல்லியிருந்தான். கூடப்பிறந்தவன் அப்படித்தான் சொல்வான் என்று புருஷன் தரப்பு வக்கீல் அதை ஒதுக்கப் பார்த்தாராம். ஆனால் உறவில்லாத மாடிவீட்டுக்காரன், மீன் கிடைக்காத கடுப்பில் உளறியதை ஒதுக்க முடியவில்லையாம். மருத்துவர் சொன்ன வெட்டுக் காயத்தோடு நீதிபதிகள் அதையும் எடுத்துக்கொண்டார்கள் என்று வக்கீல் சொன்னாராம்.

"ஓட்டல் கேஸ்தான் ஜெயிச்சிருக்கு மாமா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஏலத்தில் யாரோ விலை கேட்க, "இரு" என்று அவனை அதட்டிவிட்டு என்னிடம் கேட்டான்.

"மாமா, அந்த வத்தக்குழம்பு எப்டி இருந்துச்சு?"

"காரம் ஜாஸ்தி தம்பி."

"ஆமா" என்றான். "அவளுக்கு மொளகா அளவே தெரியாது."