பச்சை விளக்கும் மதகடிக் குரலும்

இந்த ஊரில் சத்தம் இல்லாவிட்டால் எல்லாம் நலம் என்று அர்த்தம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் இது; டிராமில் யாரும் பேசுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் பேசுவதில்லை, அலுவலகத்தில் கணினி முணுமுணுக்காவிட்டால் எல்லோரும் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இத்தனை வருஷம் ஆகியும் அந்த நிம்மதி எனக்கு ஒட்டவில்லை.

மரக்காணத்து உப்பளத்தில் அப்பா வேலை பார்த்த காலத்தில், மதகைத் திறந்து கழியின் உப்புத்தண்ணீரைப் பாத்திக்கு விடும்போது மதகடியில் நிற்பவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "ஓய்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் நின்றால் மற்றவர்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். வரப்பு உடைந்திருக்கும், இல்லாவிட்டால் பாம்பு. பீடி பற்றவைக்கக் குரலை நிறுத்திய ஒருவர் அன்று வாங்கிய வசவு இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் நிறுவனம் பல நாட்டுக் கடலோர மக்களின் போனுக்கு மழை, மின்னல் எச்சரிக்கை அனுப்பும் செயலியைச் செய்கிறது. புதிய பதிப்பைத் தானாகவே தயாரித்து அனுப்பும் கட்டளைத் தொகுப்பு, அதாவது ஸ்கிரிப்ட், என் பொறுப்பு. இப்போது அதே உப்பளத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் என் தம்பி சேகரின் போனிலும் அந்தச் செயலி இருக்கிறது.

இன்று காலை ஸ்கிரிப்ட் கடைசி வரியில் பிழை என்று நின்றது. அந்த வரியில் ஒரு குறையும் இல்லை. கூட வேலை செய்யும் டச்சுக்காரர் ரூட், பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் உள்ளதை அப்படியே அனுப்பும்படி அதை மாற்றினார். எல்லாம் சரி என்று திரை பச்சையானது, பதிப்பும் மக்களின் போனுக்குப் போய்விட்டது. ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, சத்தமே இல்லாமல் முடிந்திருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். நான் கோபித்துக்கொண்டதாக நினைத்து ரூட் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார்.

"பச்சைதானே, இன்னும் என்ன பயம்?"

மேலிருந்து வரிவரியாகப் படித்தேன். நடுவில் ஒரு மேற்கோள்குறி திறந்து மூடாமல் கிடந்தது. அதற்குக் கீழே இருந்த கட்டளைகள் ஒன்றும் ஓடவில்லை. எங்கள் மரக்காணம் கரையின் எச்சரிக்கை விவரங்களைச் சேர்ப்பது அந்தக் கட்டளைகள்தான். குறியை மூடி மறுபடி ஓடவிட்டேன். அது ஊர்ந்துகொண்டிருக்கும்போதே சேகர் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, அனுமந்தை பக்கம் வானம் கருப்பா கட்டிக்கிட்டு வருது. ஆனா போன் ஒண்ணும் சொல்லல. லோடு ஏத்திட்டே இருக்கலாம் இல்ல?"

மின்னல் விழுந்தால் ஒதுங்க ஒரு கூரைகூட இல்லாத வெட்டவெளி அது.

"போன நம்பாதடா. எல்லாரையும் கூட்டிட்டு ரோட்டுக்கு வந்துடு. லைன்லயே இரு, பேசிக்கிட்டே வா."

காற்று இரைந்தது. உப்பை மூடும் தார்ப்பாய் படபடத்தது. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டான். அதோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தும் லைன் கிடைக்கவில்லை. லைன் கிடைக்கும்வரைதான் இதை எழுதுகிறேன்.

ரூட் எட்டிப் பார்த்து, இந்த முறை நிஜமாகவே பச்சை என்று கட்டைவிரலைக் காட்டுகிறார். குரல் நின்றால் ஓட வேண்டும் என்று வளர்ந்தவள் நான், எங்கே ஓடுவது என்றுதான் தெரியவில்லை. மறுபடி அடித்து, போனைக் காதில் வைத்தபடி "ஓய்" என்று உரக்கக் குரல் கொடுத்தேன். அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. போனில் இன்னும் சத்தமே இல்லை.