வெளியே எடுத்துவிட்ட சங்கிலி

போன வருடம் சம்பா அறுவடை முடிந்த கையோடு நானும் என் கணவரும் மலேசியாவில் இருக்கும் என் கொழுந்தன் வீட்டுக்குப் போயிருந்தோம். அதுவரை திருத்துறைப்பூண்டியைத் தாண்டி நான் அதிகம் போனதில்லை. அங்கே என் ஓரகத்தி லிஃப்டில் ஏறி இறங்குவதையும், கடைக்காரரிடம் மலாயில் பேரம் பேசுவதையும் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான புதிதில் என்னோடு வயலில் களை பறித்தவள்தானே!

ஒரே ஓர் ஆறுதல். அவள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. என் கழுத்தில் ஐந்து பவுன் தாலிச் சங்கிலி.

மூன்றாம் நாள் காலை நாங்கள் இருவரும் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, சங்கிலிய உள்ள விட்டுக்குங்க. பைக்ல வந்து அறுத்துட்டுப் போயிடுவானுங்க. ரோட்டுப் பக்கமா நடக்காதீங்க."

பொறாமையில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையைச் சரிசெய்வதுபோலச் சங்கிலியை இன்னும் நன்றாக வெளியே எடுத்துவிட்டேன். மூத்த மருமகள் என்ற கெத்தில் முன்னால் நடந்தேன். வரப்பில் நடந்து பழகிய கால் அல்லவா, நடைபாதையின் விளிம்பிலேயே போனது.

பின்னால் பைக் சத்தம். கழுத்தில் விரல்கள் பட்டன. அதே நொடியில் அவள் என் இடுப்பைக் கட்டிப்பிடித்து உள்பக்கம் இழுத்தாள். இருவரும் விழுந்தோம். அவள் கீழே, நான் மேலே. பைக் நிற்காமல் போய்விட்டது. சங்கிலி என் கழுத்திலேயே இருந்தது. அவள் முழங்கை உரிந்து ரத்தம் வடிந்தது.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலையேக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து தன் சங்கிலியைக் காட்டினாள். என்னுடையதைவிடக் கனம்! "வந்த புதுசுல என் கண்ணு முன்னாடியே ஒரு அம்மாவ தரதரன்னு இழுத்துட்டுப் போனானுங்கக்கா. அன்னையிலேருந்து கயிறுதான்" என்றாள். கட்டுப் போட்ட கையோடு என் தாலியையும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கொடுத்தாள்.

அவள்மீது எனக்கு இன்றும் பொறாமைதான்; அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிப் பாய்ந்து பிடித்திருப்பேனா என்று எவ்வளவு யோசித்தாலும் பதில் வரவில்லை, அவளோ அன்று யோசிக்கவே இல்லை.