படத்தில் நிமிர்ந்து நின்றவர்

என் கணவரின் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வெகு நாளாகியிருந்தது. அவர் வலங்கைமான் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறார். தஞ்சாவூருக்கு வந்து ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று நாங்கள் வருஷா வருஷம் சொல்வோம். நாற்று விட்டிருக்கிறேன், நடவு முடியட்டும், களையெடுத்துவிட்டு வருகிறேன், அறுப்பு ஆகட்டும் என்று ஒவ்வொரு தடவையும் வயலிலிருந்தே ஒரு காரணம் வரும். போன கோடையில் ஊருக்குப் போன என் கணவரை, எதிரே யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கிறார். சொந்தத் தம்பியை அடையாளம் தெரியாமல் போனது அவரை அசைத்துவிட்டது. மேட்டூர் அணை திறப்பதற்குள் முடித்து அனுப்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு பையை எடுத்துக்கொண்டு என் கணவரோடு கிளம்பினார்.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம். கடுமையாக ஒரு வார்த்தை சொன்னவரில்லை. ஆனால் எதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார், அதற்கு மேல் பேச இடமிருக்காது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டிருந்ததால் அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையதாயிற்று. நாள் முழுக்க இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டிருப்போம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

முதல் கண்ணின் கட்டை அவிழ்த்ததும் அவர் பார்த்தது என் முகத்தை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஏன் புள்ள, ஒனக்கு இவ்வளவு நரைச்சிருக்கு?" என்றார். கட்டு அவிழ்த்த நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கு என்னவோ, இத்தனை வருஷத்தில் அவர் என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் வெட்கமாக இருந்தது.

சில வாரம் கழித்து அடுத்த கண்ணையும் செய்தார்கள். குனியக் கூடாது, தூசியில் போகக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அண்ணிக்குத் தண்டனையாக இருந்தது. காலையில் நான் பேப்பரை வாசித்துக் காட்டுவேன். கொலை, விபத்து, அரசியல் எதுவும் வேண்டாம் என்றார். மிஞ்சியது உள்ளூர்ப் பக்கத்து மூலையில் வரும் 'நகரில் இன்று' பகுதிதான். அரண்மனையில் சிலைகள், ஓவியங்களின் கண்காட்சி. ஒரு மண்டபத்தில் பரதநாட்டியம். இன்னொரு இடத்தில் தோல்பாவைக் கூத்து. திருவையாற்றில் ஆற்றங்கரையில் நாதஸ்வரம். இருபது வருஷத்துக்கும் மேலாகத் தஞ்சாவூரில் குடியிருக்கிறேன், அந்த மூலையை ஒரு நாளும் படித்ததில்லை.

அண்ணி அதைச் சந்தைக்குப் போகிறவர் விலை கேட்பதுபோலக் கேட்டார். நாட்டியம் எத்தனை மணிக்கு? சிலைகளை எவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்கவிடுவார்கள்? பாவைக்கூத்துக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டுமே? டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன அன்று மாலையே என்னைப் பார்த்து, "நீ வாசிச்சியே, அதெல்லாம் போய்ப் பாத்துரணும்," என்றார். வழக்கம்போல ஒரே வாக்கியம்.

அப்படித்தான் எங்கள் சுற்றல் தொடங்கியது. அரண்மனைக் கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்கு மிக நெருக்கமாகப் போய் நின்று காவலரிடம் இரண்டு முறை பேச்சு வாங்கினார். ஐம்பொன் அம்மன்களை மரியாதையாகப் பார்த்தார், ஆனால் நின்று ரசித்தது தங்க ரேக்கு ஒட்டிய ஓவியங்களைத்தான். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தச் சிவப்பையும் பச்சையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் என் பீரோவைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு சேலையின் நிறத்தையும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். எனக்குப் பிடித்த ஒன்று பழுப்பு நிறம். அதைக் கட்டாதே என்றார். நாட்டியத்துக்குப் போனோம். பாவைக்கூத்துக்கும் போனோம், அதில் திரை மங்கலாக இருந்ததாகக் குறைபட்டுக்கொண்டார். ஒரு நாள் என் கணவரும் வந்தார். நாதஸ்வரத்தில் பாதியிலேயே தூங்கிப்போனார். அண்ணி அவர் தோளைத் தட்டாமல் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என்ன பேசுவது என்ற கவலை எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் பேப்பரில் ஒரு புகைப்படக் கண்காட்சியைப் பற்றி வந்திருந்தது. காவிரிக் கரையில் எடுத்த படங்கள், ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்று போட்டிருந்தார்கள். நாங்கள் புதன்கிழமை போனோம். பெரிய கூடத்தில் மொத்தம் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். பூம்புகாரில் கரையேற்றிய படகுகள், திருவையாற்றுப் படித்துறை, மழையில் நனையும் நெல் மூட்டைகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த அண்ணி, கடைசிச் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

நடவுப் படம் அது. சேற்றில் வரிசையாகப் பெண்கள் குனிந்திருக்கிறார்கள். முதுகுகள்தான் தெரிகின்றன. ஒருவர் மட்டும் கையில் நாற்று முடியோடு நிமிர்ந்து நின்று நேராகக் கேமராவைப் பார்க்கிறார். பின்னால் ஒரு மோட்டார் கொட்டகை. கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'உழைப்பு' என்று எழுதியிருந்தது.

"இது எங்க ஊரு கொட்டகை," என்றார் அண்ணி. நிமிர்ந்து நிற்பவர் யார் என்று நான் கேட்டேன். யாரோ என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

அன்றிரவு என் கணவரிடம் விவரம் சொன்னபோது அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அண்ணியும் படத்தில் நிமிர்ந்து நின்ற பெண்மணியும் பாவாடை கட்டிய வயதிலிருந்து ஒன்றாகக் கூலிக்கு நடவு நட்டவர்கள். பிற்பாடு இரண்டு குடும்பங்களும் அக்கம்பக்கமாகக் கொஞ்சம் நிலம் வாங்கின. ஒரே வாய்க்கால், முறை வைத்துத் தண்ணீர். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு வருஷம் தண்ணீர் குறைந்தது. அண்ணியின் முறையில் யாரோ மடையை அடைத்துவிட்டார்கள். அடைத்தது அவள்தான் என்று இவர் சொல்ல, இல்லவே இல்லை என்று அவர் சொல்ல, மாதா கோவில் வாசலில் ஊர் முன்னால் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிவிட்டார்கள். அன்றோடு முடிந்தது. ஞாயிறு பூசைக்கு வந்தால்கூட ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் இன்னொருவர் தூணுக்குப் பின்னால் போய்விடுவாராம். அதற்குப் பிறகு அண்ணியின் கண்ணும் மங்கிவிட்டது. ஆகையால் அந்த முகத்தை அவர் நன்றாகப் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மறுபடியும் அங்கே போகலாமா என்று கேட்டார். போனோம். வேறு எந்தப் படத்தையும் பார்க்காமல் நேராகக் கடைசிச் சுவருக்குப் போனார். வெள்ளிக்கிழமையும் போனோம். அன்று அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், "கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருச்சு. இவ எப்ப இப்படிக் கெழவியானா?" என்றார்.

நான் என்னை மீறிச் சொன்னேன், "கூப்பிட்டுக் காட்டலாமே அண்ணி. ஞாயித்துக்கிழமையோட எடுத்துருவாங்க." அவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தார். அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தேன். வீட்டுக்கு வந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடியே, அவள் வீட்டு நம்பர் தம்பியிடம் இருக்குமா என்று கேட்டார்.

நம்பர் கிடைத்தது. நான் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பேச்சு ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. "நாந்தான்," என்றார். "ஒன் படம் தஞ்சாவூர்ல பெருசா மாட்டிவெச்சிருக்கான். ஞாயித்துக்கெழமையோட எடுத்துருவான். பாக்கறதுன்னா வா." போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். மறுமுனையில் வெறும் மூச்சு கேட்டது. நான் இடத்தையும் நேரத்தையும் சொன்னேன். சரிம்மா என்றது குரல்.

அவர் ஒருவர் வருவார், அல்லது வராமலும் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஒரு வேனே புறப்பட்டு வந்துவிட்டது. படத்தில் முதுகு மட்டும் தெரிந்தவர்கள், படத்திலேயே இல்லாதவர்கள் என்று வேன் நிறையப் பெண்கள். பூவும் பட்டுமாகக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். படமெடுத்தவர் அன்று அங்கேதான் இருந்தார். கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் இளைஞர். இத்தனை பேர் கும்பலாக வந்து அந்த ஒரு படத்தின் முன் நின்றதைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அனுமதி கேட்காமல் ரோட்டில் போகிறபோது எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்.

படத்திலிருந்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அண்ணி ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் படத்தைப் பார்த்தார்கள். அந்த அம்மாள், குனிந்திருந்த முதுகுகளில் ஒன்றைக் காட்டி, "இது நீதானே?" என்றார்.

"நானில்ல. அன்னைக்கு நான் வரல," என்றார் அண்ணி. சற்றுப் பொறுத்து, "நீ வந்திருக்கேன்னு தெரிஞ்சு வரல," என்றார்.

அந்த அம்மாள் தலையசைத்தார். அவ்வளவுதான். மடையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அந்த அம்மாள் இளைஞரின் பக்கம் திரும்பினார். அவர் திரும்பவும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். "கேட்டிருந்தா நான் நின்னிருக்க மாட்டேன் தம்பி. அதை விடு," என்றார் அந்த அம்மாள். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். வாசித்துச் சொன்னேன். "எம் பேரு எங்க?" என்றார்.

இளைஞர் பேனாவை எடுத்தார். 'உழைப்பு' என்பதற்குக் கீழே, அவர் சொல்லச் சொல்ல, அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து எழுதினார். உடனே மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். இந்த முதுகு என்னுடையது, இல்லை அது என் ரவிக்கை, உன்னுடையது அந்தக் கோடியில் என்று பெரிய வாக்குவாதம். கொலுசை வைத்து ஒருவரையும், தலைக்குக் கட்டிய துண்டை வைத்து இன்னொருவரையும் முடிவு செய்தார்கள். சீட்டில் இடம் போதாமல் அந்தத் தம்பி இன்னொரு தாளைக் கொண்டுவந்து ஒட்டினார். ஒரு முதுகு மட்டும் யாருடையதென்று கடைசிவரை தெரியவில்லை. கண்காட்சி பார்க்க வந்திருந்த ஒரு வெளியூர்த் தம்பதி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாரத்திலேயே அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது.

அவர்களைச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியுமா? எங்கள் வீட்டுக் கூடத்தில் இலை போட்டோம். அன்று மாலை ஒரு மண்டபத்தில் நாட்டியம் இருப்பதை அண்ணி ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். வேனோடு அங்கே போனோம். முன்வரிசை முக்கியஸ்தர்களுக்கென்று துண்டு போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் துண்டுகளை ஒழுங்காக மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். விழாக்காரர் ஒருவர் வந்தார், அந்த வரிசையை மேலும் கீழும் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். முக்கியஸ்தர்கள் வந்த மாதிரியும் தெரியவில்லை.

ஆடியது கல்லூரியில் படிக்கும் பெண். விளக்கின் நிறம் மாறும்போதெல்லாம் எங்கள் வரிசையிலிருந்து ஒரு 'ஆ' கிளம்பியது. மேடையிலிருந்த பெண்ணுக்கு அது கேட்டிருக்க வேண்டும். வரவர எங்களைப் பார்த்தே ஆடினாள்.

இடையில் சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டதை நான்தான் நினைவுபடுத்தினேன். பையிலிருந்து குப்பியை எடுத்து நான் எழுந்திருப்பதற்குள், அண்ணிக்கு அடுத்த நாற்காலியில் இருந்த அந்த அம்மாள் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் அண்ணியின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

"மேல பாரு. சிமிட்டாதே."

"எரியும்டி."

"எரியட்டும்."

ஒரு கண்ணில் விட்டு, பொறுத்து, மறு கண்ணிலும் விட்டார். கன்னத்தில் வழிந்ததைத் தன் முந்தானையால் ஒற்றினார். அண்ணி கண்ணை மூடியபடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த பாட்டு தொடங்கியதும், மேடையில் என்ன நடக்கிறது என்று அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேடையைப் பார்க்கவே இல்லை.

இன்னும் ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லியிருந்த அண்ணி, அன்றிரவே வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு வேனில் ஏறிவிட்டார். மருந்தை வேளைக்கு விட்டுக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது என்றார். வேன் திரும்புகிற வரைக்கும் நாங்கள் வாசலில் நின்றோம். உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் இரண்டு பேருக்கும் பழையபடி வாய்க்கால் தகராறு வந்துவிட்டதாக ஊரிலிருந்து சொன்னார்கள். நான் பதறிப்போய் அண்ணிக்குப் போன் செய்தேன். சாவகாசமாகப் பேசினார். ஆமாம், சண்டைதான் என்றார். காலையில் மடையில் நின்று சத்தம் போட்டார்களாம். பிறகு அவள் வீட்டில் மீன் குழம்பு என்று போய்ச் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் வந்தாராம்.