கிழங்குப் பாதி

போன வாரம் வாரிசுச் சான்றிதழுக்காக உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள். அவர் சாப்பிடப் போனால் நாம் மட்டும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று மகளையும் இழுத்துக்கொண்டு எதிர்ச் சாரியில் புதிதாக வந்திருக்கும் ஏசி ரெஸ்டாரண்டில் நுழைந்தேன். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள்! வடகறி. சோம்பும் பட்டையும் சேர்ந்த மசாலாவில் பருப்பு வடை ஊறுகிற வாசனை. எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது.

“இந்த எடத்துல முன்னாடி ஒரு ஓட்டல் இருந்துச்சு” என்றேன்.

“உனக்கு எந்த எடத்தப் பாத்தாலும் முன்னாடி ஒரு ஓட்டல்தான் இருந்துருக்கும்” என்றாள் மகள்.

அவள் சொல்வதில் தப்பில்லை. கல்வெட்டுக் கோயிலைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால், “பிரியாணிக் கடை தாண்டி நேரா போங்க” என்றுதான் எனக்குச் சொல்ல வரும். ஏரி நிரம்பியது என்று யாராவது சந்தோஷப்பட்டால், பஸ் ஸ்டாண்ட் பின்னால் ஓலை போட்ட மெஸ்ஸில் இனி கெண்டைக் குழம்பு கிடைக்கும் என்று நான் சந்தோஷப்படுவேன். அந்த மெஸ்ஸில் குழம்பை மண்சட்டியில்தான் வைப்பார்கள். காலையில் வைத்தது மதியத்தைவிடச் சாயங்காலம் நன்றாக இருக்கும். வாலாஜாபாத்துக்கு ஏதாவது வேலையாகப் போனால், ரயில்வே கேட் பக்கம் ஒரு கடையில் பூரிக்கிழங்கு சாப்பிடாமல் திரும்பியதே கிடையாது. பூரி சுமார்தான். கிழங்கில் அவர்கள் கொஞ்சம் இஞ்சியைத் தட்டிப் போடுவார்கள், அதற்காகத்தான். நாக்கு நீளம் என்று என் அம்மா சொன்னதை நான் கடைசிவரை மறுத்துப் பேசவில்லை.

இதெல்லாம் எனக்குக் கிடைத்தது வேலைக்குப் போன பிறகுதான். தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு டைப்பிங் சென்டர். மனு, அடங்கல் நகல், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் என்று காலை முதல் மாலை வரை தட்டிக்கொண்டே இருப்போம். இருப்போம் என்றால் நானும் எஸ்தரும். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி, அங்கே காலனியில் அவள் வீடு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ளவர்களின் சாதியையெல்லாம் தினமும் டைப் அடித்துக்கொண்டிருந்தவளுக்கு இவ்வளவுதான் புத்தி.

எஸ்தர் என்னைவிட வேகமாக அடிப்பாள். பிழையும் வராது. நான் அடித்த மனுவில் ஒருமுறை மனு கொடுத்தவரின் உயிரோடு இருந்த மாமனாரைக் காலமானவர் என்று அடித்துவிட்டேன். அவள்தான் கண்டுபிடித்து, வெள்ளைத் திரவம் பூசி அவருக்கு உயிர் கொடுத்தாள்.

ஒருநாள் சென்டர் சாவியைக் கொடுக்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நைனா, என் அப்பா, கழனியில் இருந்தார். அம்மா வாசலுக்கு வந்து, எங்கள் பக்கத்தில் புதிதாக யார் வந்தாலும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

“யார் வூட்டுப் பொண்ணு நீ?”

எஸ்தர் சொன்னாள். அம்மா முகம் ஒன்றும் மாறவில்லை. சிரித்துக்கொண்டே கடைக்கு ஆளனுப்பி ஒரு கலர் பாட்டில் வரவழைத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் விருந்தாளிக்குக் கலர் வாங்கிக் கொடுப்பது அபூர்வம். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் எஸ்தரிடம், “எங்கம்மா ஒனக்குன்னு கலர்லாம் வாங்கியாரச் சொன்னாங்க பாத்தியா?” என்று கேட்டேன்.

“பாத்தேனே” என்றாள். “பாட்டிலு கடைக்கே திரும்பப் பூடும். டம்ளர் கழுவற வேல மிச்சம்.”

எனக்குப் புரிந்து முடிக்கவே அரைநாள் ஆயிற்று. அதன் பிறகு நான் அவளை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவளும் என்னைத் தன் வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. அதனால் எங்களுக்கு மிஞ்சியது ஓட்டல்தான்.

நான் சொன்னேனே, இந்த ஏசி ரெஸ்டாரண்ட் இருக்கும் இடம், அங்கேதான் அந்த ஓட்டல். முன்பக்கம் ஆண்கள் உட்காரும் மேஜைகள். பின்னால் பச்சைத் துணி போட்டு மறைத்த ஒரு சின்ன அறை. திரைக்கு மேலே ‘பேமிலி ரூம்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே இரண்டு மேஜை, மூலையில் கை கழுவும் தொட்டி. கை கழுவுகிற ஆண்கள் எல்லாரும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளேதான் வர வேண்டும், அந்த லட்சணத்தில் இருந்தது மறைவு. ஆனாலும் பொம்பளைப் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து சாப்பிட உத்திரமேரூரில் அப்போது வேறு இடம் கிடையாது.

சம்பளம் வாங்கிய மறுநாள் மதியம் அங்கே போவோம். முதலில் ஆளுக்கு இரண்டு இட்லி, வடகறி. இட்லியை வடகறியில் பிசைந்து சாப்பிடக் கூடாது, தொட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பது எஸ்தரின் கட்சி. நான் பிசைகிற கட்சி. அதன் பிறகு ஒரு மசால் தோசை. ஆளுக்கொன்று சாப்பிட வயிற்றில் இடமிருக்காது, சாப்பிடாமல் எழுந்திருக்க மனமிருக்காது. அதனால் ஒன் பை டூ. சர்வர் தணிகாசலம் அண்ணன் எங்களைப் பார்த்ததுமே தோசைக்கல் பக்கம் குரல் கொடுப்பார்.

“பேமிலிக்கு ஒரு மசாலு, ஒன் பை டூ!”

தோசையை நடுவில் வெட்டி, வாழையிலை வெட்டிப் போட்ட இரண்டு தட்டில் ஆளுக்குப் பாதியாக வரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் தோசை மாஸ்டருக்கு எவ்வளவு சொன்னாலும் கிழங்கை ஒரு பக்கமாகத்தான் வைக்க வரும். அதனால் ஒரு பாதியில் கிழங்கு பிதுங்கிக்கொண்டிருக்கும், இன்னொரு பாதி வெறும் மொறுமொறுப்பு. முதல் மாதம் நான் கிழங்குப் பாதியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எஸ்தர் சும்மா இருப்பாளா?

“இன்னா மே, இப்பிடி இஸ்துக்கினா எப்டி? ஒரு மாசம் ஒனக்கு, ஒரு மாசம் எனக்கு.”

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். யார் முறை என்று ஒரு மாதமும் எங்களுக்குள் சந்தேகம் வந்ததில்லை. சாப்பாட்டு விஷயத்தில் என் ஞாபகம் என்னைக் கைவிட்டதே கிடையாது.

அந்தத் திரைக்குள் உட்கார்ந்து நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. மனு எழுத வருகிறவர்களைப் போல நடித்துக் காட்டுவாள். ‘கனம் தாசில்தார் அவர்கள் சமூகத்துக்கு’ என்று ஆரம்பித்து, கிழங்கை ஒரு பக்கமாகவே வைக்கும் மாஸ்டர் மேல் ஒருமுறை வாய்மொழியாக மனு கொடுத்தாள். எனக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது.

அன்றைக்கும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். எஸ்தர் முறை. கிழங்குப் பாதி அவள் தட்டில். அவள் ஒரு வாய்கூட எடுத்திருக்க மாட்டாள், நான் தற்செயலாகத் திரைக்குக் கீழே பார்த்தேன். வெளியே ஒரு ஜோடித் தோல் செருப்பு. கட்டைவிரல் வார் அறுந்து, நீல நைலான் கயிற்றால் தைத்தது. அந்தத் தையலை முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் நைனா போட்டுக்கொண்டிருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

“எங்க நைனா” என்றேன்.

எஸ்தர் இன்னும் சிரிப்பிலேயே இருந்தாள். “வந்தா இன்னா? கூப்புடு. அவருக்கும் ஒரு தோச சொல்லலாம்.”

திரை விலகியது. கை கழுவ வந்த நைனா என்னைப் பார்த்து நின்றார்.

“நீ இன்னா இங்க?”

“பசிச்சிது நைனா. டிபன் பாக்ஸ மறந்துட்டேன்.”

அவர் எஸ்தர் பக்கம் திரும்பினார். கோபமாக ஒன்றும் இல்லை. எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார். “இது யாரு? யார் வூட்டுப் பொண்ணு?”

எஸ்தர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் சொல்லிவிடுவாள், கூசாமல் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லை, ஓட்டல் இல்லை, ஒன்றும் இல்லை என்று அந்த நொடியில் தோன்றியது. நான் முந்திக்கொண்டேன்.

“தெரியாது நைனா. எடமில்லன்னாங்க, ஒண்ணா ஒக்காந்துக்கினோம்.”

பக்கத்து மேஜை காலியாகக் கிடந்தது.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை. “ஆமாங்க” என்று நைனாவிடம் சொன்னாள். எழுந்து தொட்டியில் கை கழுவினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “நீங்க சாப்புடுங்க மேடம்” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். கிழங்குப் பாதி தட்டில் அப்படியே இருந்தது.

நைனா கை கழுவினார். திரும்பும்போது மேஜையை ஒருதரம் பார்த்தார். ஒரே தோசையின் இரண்டு பாதி, இரண்டு தட்டில். “சாப்ட்டுட்டு வேலைக்குப் போ. சாய்ந்தரம் ஒண்ணா பூடலாம்” என்றார்.

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. என் பாதியைச் சாப்பிட்டேன். அவளுடையதைத் தொடவில்லை.

சென்டருக்குத் திரும்பியபோது எஸ்தர் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, “எஸ்தரு...” என்றேன். “அந்தக் கார்பன எடு” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். “பொய் சொல்றப்ப டிபன் பாக்ஸ் கதலாம் எதுக்கு? ஒன் பையிலருந்து தயிர்சோறு வாசன வந்துக்கினு இருந்துச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நைனா, பக்கத்தில் நான். பட்டா வேலை முடிந்ததா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஏரிக்கரை திரும்பியதும் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“தெரியாத பொண்ணு கூடவா அவ்ளோ சிரிப்பு?”

அவர் சாப்பிட்டுக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். தணிகாசலம் அண்ணன் ஒன் பை டூ என்று கத்தியதையும் கேட்டிருப்பார். திட்டினாரா, கிண்டல் செய்தாரா, இல்லை நீ இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றாரா, எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் வேலையையும் நிறுத்தவில்லை. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் இருந்தது. கேட்கவில்லை. இப்போது அவருடைய வாரிசு என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் சம்பளம் வந்ததும், “போலாமா?” என்று எஸ்தரிடம் கேட்டேன்.

“இல்ல, சோறு எத்தாந்துக்கிறேன்” என்றாள்.

அதற்கு அடுத்த மாதமும் சோறு எடுத்து வந்திருந்தாள். அதற்கும் அடுத்த மாதம் நான் கேட்கவில்லை. மற்றபடி பேச்சு, வேலை, கிண்டல் எல்லாம் முன்போலவேதான். யாராவது பார்த்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வருஷத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எஸ்தர் மண்டபத்துக்கு வந்தாள், சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தாள், போட்டோவுக்கு நின்றாள். பந்தி நடந்துகொண்டிருந்தது.

“சாப்ட்டுப் போ எஸ்தரு.”

“இல்லம்மா, பஸ்ஸு கீது.”

அந்தப் பக்கம் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் உண்டு. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. நர்ஸ் வேலை கிடைத்து எங்கோ தெற்கே போனதாகச் சொன்னார்கள். தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். வெட்கத்துக்குச் சோம்பல் என்று பேர் வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளிவிட்டேன்.

ஏசி ரெஸ்டாரண்டில் பச்சைத் திரை இல்லை. மூலைத் தொட்டி இல்லை. எல்லா மேஜையிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடி வழியே தெரிகிறது, யாரும் யாருடைய செருப்பையும் கண்டு பயப்படவில்லை. ஆர்டர் எடுக்கக் கையில் டேப்லெட் வைத்திருந்த பெண்ணிடம் மகளுக்கு ஃபிரைட் ரைஸ் சொல்லிவிட்டு, எனக்கு வடகறியோடு மசால் தோசை, ஒன் பை டூ என்றேன். வாய் தவறித்தான் வந்தது.

அந்தப் பெண் டேப்லெட் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “அந்த மாதிரி ஆப்ஷனே இல்லையே மேடம்.”

தோசை முழுசாக வந்தது. கிழங்கை நட்டநடுவில் அளந்து வைத்ததுபோல் வைத்திருந்தார்கள். கிழங்குப் பாதியும் இல்லை, மொறுமொறு பாதியும் இல்லை. நானே பிட்டேன். விரலால் கிழங்கையெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி, அந்தப் பாதியை இன்னொரு தட்டில் எடுத்து வைத்தேன். வெறும் பாதியைச் சாப்பிட்டு முடித்தேன். வடகறி பரவாயில்லை, கொஞ்சம் உப்பு கூட.

மகள் கவனித்துவிட்டாள். “கிழங்குக்காகத்தான தோசையே துன்னுவ? அத்த ஏம்மா வெச்சிட்ட?”

“அது எஸ்தரோட மொற.”

“எஸ்தரா? யாரும்மா அது?”

“என் ஃபிரண்டு” என்றேன்.

கேட்க வேண்டிய இரண்டு பேரும் அந்த மேஜையில் இல்லை.