பெரிய காலிப்பர், சின்ன டிஸ்க்

இரண்டே இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் காரை ஒண்டிக்கட்டை ஒருவன் எதற்கு வாங்குகிறான் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க ஆள் இருந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேனோ என்னவோ. திருப்பத்தூரிலிருந்து பெங்களூர் வந்து பதினாறு வருடம் ஆகிறது. வேலை லேப்டாப்பில், சாப்பாடு ஆப்பில். சில வாரங்களில் வெள்ளிக்கிழமை வரும்போதுதான் வாய்விட்டுப் பேசி நான்கு நாளாகிவிட்டது என்பதே உறைக்கும்.

சக்கரத்துக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு பெரிய பிரேக் காலிப்பர், அதாவது சுழலும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பிடி, எட்டிப் பார்த்தால் வண்டிக்குத் தனிக் களை வரும் என்று எனக்கு ஓர் ஆசை. வேறு பெரிய வண்டியில் இருந்து கழற்றிய ஜோடி ஒன்று கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஆடுகோடியில் கடை வைத்திருக்கும் என் மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஒல்லி, நல்ல உயரம். காலிப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காலிப்பர் பெருசு, உங்க டிஸ்க் சின்னது சார். அதுல இருக்கிற பேட் கட்டை டிஸ்க்குக்கு வெளிய ஸ்வல்ப நீட்டிக்கும். நீட்டுற இடம் தேயாது, விளிம்பு கட்டிக்கும். டிஸ்க்கையும் பெருசா மாத்திடுங்க."

"பாத்துக்கலாம், மாட்டுங்க" என்றேன். யார் சொன்னாலும் உடனே கேட்டுவிடுகிற புத்தி எனக்குக் கிடையாது.

அவர் சொன்னபடியேதான் ஆனது. டிஸ்க்கில் படாத அந்த நகத்தகல ஓரம் அப்படியே நிற்க, மற்ற இடம் தேயத் தேய, பேடில் ஒரு படி எழும்பியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி அரத்தால் ராவ வேண்டியிருந்தது.

அவர் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வண்டிக்காரர் ஓட்ட, பிரேக்கில் கை வைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அதற்கு முன் வண்டியை விடமாட்டார். "என் வேலைய நம்பி நானே உக்காரலன்னா எப்டி சார்?" என்பார். ஓசூர் ரோடு வரை போய்த் திரும்புவோம். முழங்கால் இடிக்கிறது என்று இருக்கையைப் பின்னால் தள்ளுவார். குறுக்கே வரும் ஆட்டோக்காரரைக் கன்னடத்தில் வைவார். மகள் கணக்கில் கோட்டை விட்ட கதையைச் சொல்வார். மொத்தம் இருபது நிமிடம். நான் பெரிய டிஸ்க் வாங்காமல் இழுத்தடித்தது அந்த இருபது நிமிடத்துக்காகத்தான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் போனபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. எனக்காக எங்கெங்கோ அலைந்து பெரிய டிஸ்க் ஜோடி ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. என்ன காரணம் சொல்லி வேண்டாம் என்பது? மாட்டினார். சுற்றுப் போனோம். மிதித்த இடத்தில் வண்டி குலுங்காமல் நின்றது.

கடை வாசலுக்குத் திரும்பியதும் பெல்ட்டை அவிழ்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ். இனிமே ஒரு வருஷத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வர வேணாம் சார்" என்று சந்தோஷமாகச் சொல்லிக் கதவில் கை வைத்தார்.

நான் இன்ஜினை அணைக்கவில்லை. "பின்னாடி பிரேக்கையும் ஒருவாட்டி பாத்துடலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் காத்திருந்த மற்ற வண்டிகளைப் பார்த்தார். பிறகு பெல்ட்டை இழுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அதுல ஒண்ணும் கோளாறு இல்ல சார்" என்றார். "இன்னொரு ரவுண்டு போலாம், எடுங்க."